எந்த மாடல் ஆர்எக்ஸ்?

ஆரணியில் பழைய ஆர்எக்ஸ் 100 தேடி அலைகிறவரிடம் முதலில் நிறத்தையும் கேட்க மாட்டார்கள், விலையையும் கேட்க மாட்டார்கள். "எந்த மாடல் பாக்கறீங்க?" என்பார்கள். எண்பத்தாறு என்று சொன்னால் கேட்டவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். எண்பத்தெட்டு என்றாலும் பரவாயில்லை. தொண்ணூத்திரண்டு என்றால், "ம்ம், அதுவும் ஓடும்" என்று டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொள்வார். அந்த 'அதுவும் ஓடும்' மீது எனக்கு நீண்ட நாள் வழக்கு இருக்கிறது.

உலகத்தில் வேறு ஊர்க்காரர்கள் ஸ்போர்ட்ஸ் காருக்காக இதே சண்டையைப் போடுகிறார்கள். போர்ஷே 911இல் காற்றாலேயே குளிரும் எஞ்சின் 1998இல் 993 மாடலோடு முடிந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் வந்துவிட்டது. அதனால் அந்தக் கடைசி வருடங்களின் வண்டிக்கு ஒரு விலை, அடுத்த வருடத்து வண்டிக்கு வேறு விலை. நம் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்ற சாதியே கிடையாது. பட்டு மாஸ்டர் வீட்டுப் பையனுக்கும் அரிசி ஆலைக்காரர் மகனுக்கும் அந்த இடத்தில் நின்றது நூறு சிசி யமஹாதான். தறிக்காரர்கள் டிவிஎஸ் 50இல் பாவும் பட்டு நூலும் கட்டிக்கொண்டு போன காலத்தில், ஆர்எக்ஸின் பின் சீட்டில் ஒரு மூட்டைகூட ஏறியதில்லை. அது ஓட்டுவதற்காக மட்டுமே வாங்கப்பட்ட வண்டி.

1985 நவம்பரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்தோடு அதை இந்தியாவில் இறக்கியது. 1996 மார்ச் வரை வந்தது. 50 மில்லிமீட்டர் போர், 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 98 சிசி, நாலு கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். 7500 சுற்றில் 11 குதிரைசக்தி. வண்டியின் எடையோ ஏறக்குறைய நூறு கிலோ. இந்தக் கடைசி இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே ஆண்டுகளில் சந்தையில் இருந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 நாலு ஸ்ட்ரோக் வண்டி. மைலேஜில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் சக்தி ஏழு சொச்சம்தான். ஓசூரில் தயாரான இண்ட்-சுசுகியும், பஜாஜின் கவாசாகி கேபி 100உம் இரண்டு ஸ்ட்ரோக்தான். அவையும் நல்ல வண்டிகளே. இன்று அவற்றைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் குறைவு.

காரணம் ஓட்டினால்தான் தெரியும். ஆரணியிலிருந்து களம்பூர் வழியாக வடமாதிமங்கலம் போய், அங்கிருந்து திருமலைக்குத் திரும்பும் சாலையில் ஒரு நல்ல ஆர்எக்ஸை எடுத்துப் போங்கள். ஊருக்குள் இரண்டாவது கியரில் போகும்போது அது சாதுவாக, கொஞ்சம் சோம்பலாகக்கூட இருக்கும். களம்பூர் தாண்டி இரண்டு பக்கமும் நெல் வயல் வந்ததும் மூன்றாவது கியரில் திருகினால், ஒரு இடம் வரைக்கும் எஞ்சின் சும்மா சத்தம் போடும். அந்த இடத்தைத் தாண்டியதும் சத்தம் மாறும். தொண்டை திறந்ததுபோல் ஒரு கூர்மை வரும், வண்டி கைப்பிடியை இழுத்துக்கொண்டு முன்னால் போகும். இதைத்தான் எங்கள் பக்கத்தில் 'பிக்கப்' என்கிறார்கள். எந்த எண்ணை வைத்துக்கொண்டும் இதை விளக்க முடியாது. சைலன்சருக்குள் போன அழுத்த அலை சரியான நேரத்தில் திரும்பி வந்து, வெளியே தப்பப் பார்த்த புதுப் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. அந்த நேரம் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேலேதான் சரியாகப் பொருந்தும். அதற்குக் கீழே கொஞ்சம் பெட்ரோல் எரியாமலேயே போய்விடும். வண்டியின் சுகமும் புகையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. 1996 ஏப்ரலில் புகை விதிகள் இறுகியபோது ஆர்எக்ஸ் 100 நின்றது. வாங்க ஆளில்லாமல் நிற்கவில்லை.

இனி வருடத்துக்கு வருவோம்.

முதலில் வந்த சில ஆயிரம் வண்டிகளுக்கு உதிரிகள் ஜப்பானிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இங்கே பூட்டப்பட்டன. அதன்பின் ஒவ்வொரு உதிரியாக உள்ளூரில் தயாராகத் தொடங்கியது. 85, 86, 87 மாடல்களை 'ஜப்பான் வண்டி' என்று தூக்கிவைப்பது இதனால்தான். அந்தப் பெருமை பொய்யில்லை. கிராங்க்கின் உலோகம், பிளாக்கின் வார்ப்பு, மேக்னெட்டும் சிடிஐயும், குரோம் பூச்சு எல்லாவற்றிலும் ஒரு நேர்த்தி இருந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடியும் மேக்னெட் மாற்றாத ஆரம்பகால வண்டியை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த வண்டியில் இன்று ஜப்பான் எங்கே மிச்சம் இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸின் பிஸ்டனுக்கு நாலு ஓவர்சைஸ் உண்டு: 0.25, 0.50, 0.75, 1.00. ஸ்டாண்டர்ட் போர் தேய்ந்ததும் பிளாக்கைக் கால் மில்லிமீட்டர் குடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். நாலாவது படி ஏறும்போது போர் 51 மில்லிமீட்டர், சிசி 102. அதற்கு மேல் ஸ்லீவ் மாற்ற வேண்டும். இதற்குள் கிராங்க்கின் கனெக்டிங் ராட் இரண்டு மூன்று முறை மாறியிருக்கும். கிளட்ச் பிளேட், கிக்கர், பேரிங், ஆயில் சீல் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. பிறகு ஜப்பான் என்று மிச்சம் இருப்பது ஆர்சி புத்தகத்தில் எழுதிய ஆண்டு ஒன்றுதான். எங்கள் தெருக்களில் "பழைய பட்டுப் புடவை வாங்கறோம்" என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்கள் புடவையைப் பிரித்து பார்டரையும் கோர்வையையும் ரசிக்க மாட்டார்கள். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி தேறும் என்று மட்டும் பார்ப்பார்கள். மாடல் வருடத்துக்கு மட்டும் பணம் கொடுப்பவர்களின் கண்ணும் அந்தக் கண்தான்.

ஒரு வண்டி உண்மையில் எந்த ஆண்டுக்காரன் என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி நம்பர் பிளேட்டைப் பார்ப்பது. புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தமிழ்நாட்டு வண்டிகளுக்கு 'டி'யில் தொடங்கும் மூன்று எழுத்தும் ஓர் எண்ணும்தான். மாவட்டத்துக்கென்று இரண்டு இலக்கம் கிடையாது. அதே ஆண்டு செப்டம்பர் 30இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. டிஎன் 25 என்ற எண் அதன்பிறகு வந்தது. ஆகவே, "86 மாடல் சார், சுத்தமான ஜப்பான்" என்று ஒருவர் டிஎன் 25 பிளேட்டைக் காட்டினால், அந்த வண்டிக்கு ஏன் இரண்டாம் முறை எண் கிடைத்தது என்று கேட்க வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்திருக்கலாம், ஏலத்தில் எடுத்ததாக இருக்கலாம். காரணம் நியாயமாக இருக்கலாம். ஆனால் காரணம் இருந்தாக வேண்டும். மூன்றெழுத்து எண்ணோடு, ஒரே குடும்பத்தில் கைமாறி இன்னும் அந்தப் பழைய எண்ணையே சுமந்துகொண்டிருக்கும் வண்டி கிடைத்தால் மட்டும் நான் எண்பதுகளுக்கு வாதாட மாட்டேன். அது வேறு சரக்கு. விற்பவர்கள் அதை அபூர்வமாகத்தான் வெளியே காட்டுகிறார்கள்.

காகிதம் பற்றி இன்னும் கொஞ்சம். வண்டியின் சேசிஸ் எண் ஹேண்டில் கழுத்தில், எஞ்சின் எண் கிராங்க் கேஸில். இரண்டிலும் எண்ணோடு வரும் '1எல்1' என்ற குறிதான் ஆர்எக்ஸ் 100. பெயின்ட்டைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனி பஞ்ச்சில் ஒவ்வோர் எழுத்தும் ஒரே ஆழத்தில் இருக்கும். பட்டறையில் சுத்தியால் அடித்த எண்ணில் ஓர் எழுத்து சாயும், ஒன்று ஆழமாக இறங்கும், சுற்றிலும் கிரைண்டர் ஓடிய பளபளப்பு தெரியும். இந்த வண்டி ஒரு காலத்தில் துரத்துகிறவருக்கும் பிடித்தது, தப்பித்து ஓடுகிறவருக்கும் பிடித்தது. களவு போன ஆர்எக்ஸுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. காயலான் கடைக்குப் போன வண்டியின் புத்தகத்தை வேறு வண்டிக்கு மாட்டுவதும் தெரிந்த வேலைதான்.

கையால் எழுதிய பழைய ஆர்சி புத்தகமாக இருந்தால், அது இன்றைய ஆன்லைன் பதிவில் ஏறியிருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள். ஏறாத புத்தகத்தை வைத்துக்கொண்டு பெயர் மாற்ற ஆர்டிஓ ஆபீஸுக்கு நடக்க ஆரம்பித்தால், செருப்பு தேயும் வேகத்தில் வண்டி மீதிருந்த காதலும் தேய்ந்துவிடும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 1000 ஆகிவிட்டது. அது பெரிய தொகை இல்லை. ஆனால் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற தேதி விற்பவரைப் பற்றி நிறையச் சொல்லும்.

எஞ்சின் எண் கிராங்க் கேஸில்தான் இருக்கிறது, பிளாக்கில் இல்லை. வாங்குகிறவர் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். ஆர்எக்ஸ் 100க்குப் பிறகு வந்தது 132 சிசி ஆர்எக்ஸ் 135. அதன் பிளாக்கை நூறு சிசியின் மேல் உட்கார வைப்பது பட்டறைக்காரர்களுக்குப் பழகிய வேலை. புத்தகத்தில் 98 சிசி இருக்கும், எண்ணும் ஒத்துப்போகும், ஓட்டினால் 'ஆஹா' என்று இருக்கும். அது வேறு வண்டி. 135 வேண்டுமென்றால் 135ஐயே வாங்கலாம். ஐந்து கியர் போட்ட 135 உண்மையிலேயே நல்ல வண்டி, நெடுஞ்சாலையில் நூறு சிசியைவிட நிம்மதியாகப் போகும். கலப்புக்கு ஜப்பான் விலை கொடுப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

போர்ட்டிங் அடித்த பிளாக் இன்னொரு வகை. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களிலும், அது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகும், ஆர்எக்ஸ் பந்தயக்காரர்களின் செல்லம். அங்கே கற்ற வித்தை ஊர்ப் பட்டறை வரை வந்தது. எக்சாஸ்ட் துவாரத்தை உயர்த்தி அரைத்தால் மேல் சுற்றில் பறக்கும், கீழ்ச் சுற்றில் செத்துப்போகும். ஆரணி பஜாரில் சனிக்கிழமை மாலை அப்படி ஒரு வண்டியை ஓட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் கிளட்ச் கை வலிக்கும். அரைத்த உலோகம் திரும்பி வராது என்பதால் இந்த பிளாக் ஒரிஜினல் ஆவதற்கும் வழியில்லை.

வண்டி பார்க்கப் போகும்போது நான் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவேன். எங்களைவிட வயதில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். ஒருமுறை ஆரணியிலேயே ஒரு தறி வீட்டுப் பின்கட்டில், தொண்ணூத்தொன்றாம் வருடத்து வண்டி. கறுப்பு. முன் அறையில் தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் நாங்கள் வருவது தெரிந்து முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். அண்ணன் சைலன்சர் பக்கம் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஆஃப் பண்ணுங்க சார். டீ சாப்ட்டு வரோம்" என்று வெளியே வந்துவிட்டார். சூடான எஞ்சினை அவர் உதைக்கவே மாட்டார். ஆறிய வண்டியில்தான் உண்மை தெரியும் என்பது அவர் கட்சி.

முக்கால் மணி நேரம் கழித்து மூன்றாவது உதையில் பிடித்தது. புகை வந்தது. வர வேண்டும், இரண்டு ஸ்ட்ரோக் ஆயிற்றே. இரண்டு நிமிடத்தில் அது மெலிந்தது. மெலியாமல் வெள்ளையாக, அடர்த்தியாகத் தொடர்ந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிருக்கிறது, கியர் ஆயில் உள்ளே இழுத்து எரிகிறது என்று அர்த்தம். மறுபக்கம் மேக்னெட் சீல் போனால் புகை வராது. காற்று புகுந்து ஐடிலிங் தானாக ஏறும், ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் இறங்க யோசிக்கும். இந்த இரண்டாவது நோய் ஆபத்தானது. காற்று கூடினால் எரிபொருளும், அதோடு கலந்து போகும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடாகி ஒருநாள் ஓடும்போதே பிடித்துக்கொள்ளும்.

அதன்பின் அண்ணன் கேட்டதுதான் வீட்டுக்காரரை முறைக்க வைத்தது. "ஹெட்டக் கழட்டிப் பாக்கலாமா சார்? புது கேஸ்கட் நானே எடுத்தாந்திருக்கேன்." கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "பாத்துக்கப்பா" என்றார். நாலு நட், பத்து நிமிடம். பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியைத் துணியில் பெட்ரோல் தொட்டுத் துடைத்தார். கறுப்புக்குள்ளிருந்து மெல்ல ஓர் எண் தெரிந்தது: 50. முதல் படியும் முடிந்து இரண்டாவது ஓவர்சைஸ், 0.50. ஸ்டாண்டர்ட் பிஸ்டனில் இப்படி எண் இருக்காது. "இன்னும் ரெண்டு போர் பாக்கி இருக்கு" என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். வீட்டுக்காரரும் அப்போதுதான் அதை முதல்முறை பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. விரலைப் போரின் மேல் விளிம்பில் ஓட்டச் சொன்னார். ரிங் நின்று திரும்பும் இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் படி ஏதும் இல்லை. பிறகு மேக்னெட் கவரைக் கழற்றி, மேக்னெட்டை மேலும் கீழும் ஆட்டினார். ஆடவில்லை. கிராங்க் பேரிங் நன்றாக இருந்தது.

அன்று எனக்குப் பிடித்துப்போன விஷயம் எஞ்சின் இல்லை, சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்த ரசீதுக் கட்டு. எந்த வருடம் ரீபோர், எந்தக் கடையில் கிளட்ச் பிளேட், டேங்க்கில் எங்கே பற்றவைத்தார்கள், கார்புரேட்டர் எப்போது மாறியது, எல்லாம் அதில் இருந்தது. ஒரிஜினல் சைலன்சர் உளுத்துப்போய் 2009இல் மாற்றியதற்கும் துண்டுச் சீட்டு. எதையும் மறைக்கவில்லை.

இதைப் பார்க்கும்போது திருமலைக் கல்வெட்டு ஒன்று எனக்கு நினைவு வருவதில் ஆச்சரியமில்லை; சோதனை ஓட்டம் முடித்து நாங்கள் வண்டியை நிறுத்துவதே அந்த மலையடியில்தான். ராஜராஜனின் அக்காள் குந்தவை பெயரால் ஜினாலயம் இருக்கிற இடம். மலையில் பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர் ஓங்கி நிற்கிறார். அங்கே தகடூர் அதிகமான் வழியில் வந்த விடுகாதழகிய பெருமாளின் கல்வெட்டு உண்டு. தன் குலத்து முன்னோனாகிய எழினி முன்பு செய்வித்த யக்ஷ யக்ஷி உருவங்கள் பழுதுபட்டிருந்ததைத் தான் சீர்செய்து மலைமேல் எழுந்தருளச் செய்ததாகச் சொல்கிறான். ஒரு சேகண்டி கொடுத்ததையும் கால்வாய் வெட்டியதையும் சேர்த்து எழுதியிருக்கிறான். முதலில் செய்தவன் யார், பழுது பார்த்தவன் யார், புதிதாகச் சேர்த்தது என்ன என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டான். பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் வரவில்லை. பளபளவென்று பெயின்ட் அடித்து, டூப்ளிகேட் ஸ்டிக்கர் ஒட்டி, "எல்லாம் ஒரிஜினல்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

ராஜ்தூத் 350 வாங்கப் போகிறவருக்கு மாடல் வருடம் இன்னும் காரமான விஷயம். யமஹா ஆர்டி 350ஐ எஸ்கார்ட்ஸ் 1983 முதல் இங்கே தயாரித்தது: இரட்டைச் சிலிண்டர், 347 சிசி, ஆறு கியர். வெளிநாட்டு வண்டியில் இருந்த முன் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் போட்டார்கள். இவ்வளவு வேகத்துக்கு அந்த டிரம் போதாது என்பதை ஓட்டியவர்கள் முதல் அவசரத்திலேயே கற்றுக்கொண்டார்கள். ஆரம்பத்து வண்டி ஹை டார்க், 30.5 குதிரைசக்தி. பெட்ரோல் குடிக்கிறது என்ற புகார் பெருகியதும் 1985 வாக்கில் லோ டார்க் வந்தது, 27. இங்கே மாடல் வருடம் உண்மையிலேயே வேறொரு எஞ்சினைக் குறிக்கிறது. ஹெச்டியும் எல்டியும் கேட்பது வேறு, இழுப்பது வேறு, விலையும் வேறு. ஆகையால் எல்டியை ஹெச்டி என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 350இல் வருடம் பார்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆர்எக்ஸ் 100 விஷயத்தில் அப்படி ஒரு வெட்டுக்கோடு கிடையாது. பத்து வருடத்துக்கு மேலாக அதே 98 சிசி, அதே 11 குதிரை. மாறியதெல்லாம் எந்த உதிரியை யார் செய்தார்கள் என்பதுதான். ஹெச்டி-எல்டி சண்டையை அப்படியே தூக்கி ஆர்எக்ஸ் மேல் வைத்ததால் வந்த குழப்பம்தான் இந்த 'ஜப்பான்' மோகத்தில் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே என்னைக் கேட்டால் 90, 91, 92. டிஎன் 25 எண்ணோ, பக்கத்து வேலூரின் டிஎன் 23 எண்ணோ முதலிலிருந்தே இருக்கும் வண்டி. ஏன் என்றால், இந்த வருடங்களில் உதிரிகள் பெரும்பாலும் உள்ளூரில் செய்தவை. அதனால் அப்புறம் மாற்றிய உள்ளூர் உதிரி பக்கத்தில் உள்ளதோடு கோபித்துக்கொண்டு நிற்பதில்லை. வண்டி முழுக்க ஒரே குணத்தில் இருக்கிறது. புதிய சட்டத்துக்குப் பின் பதிவானதால் காகிதம் தேடுவது எளிது. விற்பவர் ஜப்பான் கதை சொல்ல வழியில்லை, ஆகவே வண்டியைப் பற்றிப் பேச வேண்டியதாகிவிடும். பேரத்தில் இதன் அருமை பெரிது. நல்ல ஆர்எக்ஸுக்கு இப்போது ஒரு லட்சத்துக்கு மேல் கேட்பது சாதாரணம். மூன்றெழுத்து நம்பர் என்றால் கேட்கிற விலைக்குக் கணக்கே இல்லை. அந்த வித்தியாசத்தில் ஒரு முழு கிராங்க் வேலையும், டேங்க்கும், குரோமும், ஒரு வருடப் பெட்ரோலும் அடங்கும்.

95, 96 மாடல்களுக்கும் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். 'கடைசி வண்டி' என்ற பெயரே ஒரு விலை. வயதில் இளையது என்பதால் தகரம் திடமாக இருக்கும் என்பதும் உண்மைதான். கிடைத்தால் தள்ள வேண்டாம். ஆனால் 'கடைசி' என்று கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க எனக்கு மனம் வராது.

நிறத்தில் மட்டும் நான் நியாயம் பேச மாட்டேன். செர்ரி சிவப்பு அழகு. மயில் நீலம் அபூர்வம். ஆனால் ஆர்எக்ஸ் என்றால் கறுப்பு. டேங்க்கின் பக்கவாட்டில் வெயில் விழும்போது அந்தக் கறுப்பில் குரோம் மட்கார்டு எப்படித் தெரிகிறது என்று பார்த்தவர்கள் வேறு நிறம் கேட்க மாட்டார்கள். அலாய் வீல் மாட்டி, டிஸ்க் போட்டு, ஹேண்டிலைத் தாழ்த்தி வைத்திருக்கும் வண்டிகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

வாங்கிய கையோடு செய்ய வேண்டியவை சில. இரண்டு கிராங்க் சீலையும் நிலைமை எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சீல் விலை குறைவு, பிஸ்டன் பிடித்தால் ஆகும் செலவு அப்படியில்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரைத் தின்னும், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பெட்ரோல் டியூபும் கார்புரேட்டர் ரப்பர்களும் புதிதாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதானால் டேங்க்கில் பெட்ரோல் வைக்காதீர்கள். ஆட்டோலூப் பம்ப்பை யாராவது அடைத்துவிட்டு பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டியிருப்பார்கள், பத்தில் ஏழு வண்டியில் இதுதான் கதை என்பது அண்ணன் கணக்கு. பம்ப் நல்ல நிலையில் கிடைத்தால் திரும்ப மாட்டுங்கள். ஆக்சிலேட்டர் திறக்கும் அளவுக்கு ஆயிலும் ஏறும்படிதான் யமஹா அதைச் செய்தது. கையால் கலக்கும்போது அந்தக் கணக்கு வராது. ஒரிஜினல் உதிரிக்குச் சென்னை புதுப்பேட்டை போகலாம். ஆனால் பழைய உதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், வாய் வார்த்தையை நம்பி வாங்காதீர்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். முதலில் ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தை வாங்குங்கள். பணம் முழுதும் அதற்குப் பிறகுதான். வண்டி கைமாறியதை விற்பவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள். நல்ல ஆர்எக்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் இதை அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டு, விற்பவர் ஊர் மாறிப் போய், கையெழுத்துக்காக பஸ் ஏறுகிறவர்களை இந்தப் பக்கத்தில் வருடா வருடம் பார்க்கிறேன்.